என் கால் பங்கை வாங்க வந்தவர்

சபையிலுள்ள சகோதர சகோதரிகளுக்கு அன்பின் வந்தனம். கர்த்தர் எங்கள் வீட்டுக்குச் செய்ததை எழுதிக் கொடுக்கச் சொல்லி பாஸ்டர் ஐயா கேட்டார். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால், என் மனைவி எஸ்தர் கவரப்பேட்டை ஸ்டேஷனில் படியேறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். சென்னையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். இதயத்தில் ஒரு வால்வு பழுது, சீக்கிரம் ஆபரேஷன் செய்யவேண்டும், தள்ளிப்போட்டால் தாங்கமாட்டாள் என்றார். எனக்குக் கண் இருட்டிவிட்டது. செலவைக் கேட்டதும் மறுபடி இருட்டியது. ஆனாலும் ஒரு தைரியம் இருந்தது. ஒரு கம்பெனியில் எனக்குக் கால் பங்கு இருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரிகளுக்கு இரும்பு பிராக்கெட் அடித்துக் கொடுக்கும் சின்ன கம்பெனி அது. நம் சபை மூப்பர் ஜெயராஜ் அண்ணனும் நானும் முழங்காலில் நின்று ஜெபித்துத் தொடங்கியது. நூற்றில் நாற்பத்தைந்து பங்கு அவருடையது, இருபத்தைந்து என்னுடையது. முதல் போதவில்லை என்று ஊத்துக்கோட்டைப் பக்கத்து இரும்பு வியாபாரி வெங்கடேசலுவைச் சேர்த்துக்கொண்டோம். மீதி முப்பது அவருக்கு. அவர் விசுவாசி இல்லை. காலையில் மிஷின் போடுமுன் நாங்கள் ஜெபிக்கும்போது வெளியே நின்று டீ குடிப்பார்.

தொடங்கிய நாளிலேயே ஆடிட்டர் ஒன்று சொன்னார். பின்னால் யாராவது விலகினால் அவர் பங்குக்கு எப்படி விலை போடுவது என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அண்ணனும் நானும் சிரித்துவிட்டோம். திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்களுக்குள் எழுத்து எதற்கு? எழுதினால் அது அவிசுவாசம் என்றே நினைத்தோம். ஜெபம் செய்துவிட்டு பிரியாணி சாப்பிட்டோம்.

அந்த நம்பிக்கையில்தான் அண்ணனிடம் போனேன். "அண்ணே, எஸ்தருக்காக என் பங்க வித்துடலாம்னு கீறேன். நீங்களே எடுத்துக்கோங்க" என்றேன்.

"தாராளமா தம்பி. பத்து ரூபா ஷேரு. பத்து ரூபா மேனிக்குக் குடுத்துடறேன்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"அண்ணே, அது தொடங்கசொல்ல போட்ட விலை. இப்போ எத்தினி மிஷின் ஓடுது, எவ்ளோ ஆர்டரு கீது!"

"கீது. ஆனா உன் கால் பங்க வச்சிக்கினு அதுல ஒரு போல்ட்ட நீ கயட்ட முடியுமா? வெளியாளுக்கு விக்கக்கூடாதுன்னு கம்பெனி ரூல் கீது. வேற யாரு வாங்குவா? விசுவாசிங்களுக்குள்ள வியாபாரம் பேசலாமா தம்பி?"

அந்தக் கடைசி வார்த்தையில் ஆடிப்போய்விட்டேன். அவர் சொன்ன தொகை ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டக்கூடக் காணாது. என் மகளுக்குப் பெயர் வைத்து ஜெபித்த மனிதர் இவர். வீட்டுக்கு எந்த ரயிலில் வந்தேன் என்றே தெரியவில்லை.

எஸ்தர் மட்டும் பதறவில்லை. "ஜெபம் பண்ணுங்க. கர்த்தர் வழி காட்டுவாரு" என்றாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அழுதேன். ஆண்டவரே, ஜெயராஜ் அண்ணன் மனதை இளகப்பண்ணும் என்று அதையே கேட்டேன். வேறு வழி இருக்குமென்று எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணன் மனம் இளகவில்லை. எஸ்தருக்குக் கால் வீங்கியது, படுத்தால் மூச்சு திணறியது. உமக்குக் காது கேட்கவில்லையா என்று ஆண்டவரிடமே கத்திவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை வாசலில் வெங்கடேசலு நின்றார். அதற்குமுன் அவர் எங்கள் வீட்டுப்படி மிதித்ததில்லை.

"இன்னா நைனா, ஊட்ல இப்படின்னு எனக்கு ஒரு வார்த்த சொல்லல? நானும் பார்ட்னர்தானே? உன் பங்க எனக்குக் குடு. நான் ஒண்ணும் வெளியாளு இல்லியே. மதிப்பு போடறவர இட்டாந்து கணக்கு பாரு, அவர் எவ்ளோ சொல்றாரோ அவ்ளோ டப்பும் நான் தரேன். தர்மம் பண்றேன்னு நினைச்சுக்காத. என் முப்பதோட உன் இருபத்தஞ்சு சேந்தா கம்பெனி என் கையில."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் ஒன்றுக்கும் உதவாது என்று நான் அழுத பங்கு அது! மதிப்பீட்டாளர் வந்து மிஷின், ஆர்டர், லாபம் எல்லாம் பார்த்தார். சின்னப் பங்குக்கு அதிகாரம் இல்லையென்று வழக்கமாக விலையில் கழிப்போம், இதை வாங்குகிறவருக்கு நிர்வாகமே கிடைப்பதால் கழிக்க வேண்டியதில்லை என்றார். பத்து ரூபாய் பங்குக்கு நூற்றெழுபது ரூபாய் போட்டார். நான் இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். பங்கை விற்குமுன் மற்றப் பங்காளிகள் எல்லாரையும் கேட்கவேண்டும் என்ற விதிப்படி அதே விலையை அண்ணனுக்கும் சொன்னேன். "இந்த வெலைக்கு யாரு வாங்குவான் பாக்கலாம்" என்று சிரித்தார். வெங்கடேசலு வாங்கினார். எஸ்தருக்கு ஆபரேஷன் நடந்தது. கண் விழித்ததும் அவள் பசிக்கிறது என்றாள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒருநாள் சாயங்காலம் ஜெயராஜ் அண்ணன் வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. "தம்பி, வெங்கடேசலு எம்பங்குக்கும் பத்து ரூபான்னு சொல்லிட்டா நான் இன்னா பண்ணுவேன்? இப்போ எம்பேச்சு எடுபடாதே. நீ கொஞ்சம் சொல்லேன்" என்றார்.

விசுவாசிகளுக்குள் வியாபாரம் பேசலாமா என்று அன்று அவர் கேட்டதையே திருப்பிக் கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் எஸ்தர் அவருக்கு டிபன் வைத்துவிட்டாள். அவர் தோசையைப் பிட்டுக்கொண்டே அழுதார். அவரை நானே வெங்கடேசலுவிடம் அழைத்துப் போனேன். "அதே கணக்குதான் உனக்கும் அண்ணா, எப்போ விலகினாலும்" என்றார் வெங்கடேசலு. இருவரும் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இந்தச் சாட்சியில் தன் பெயரைப் போடச் சொன்னதும் ஜெயராஜ் அண்ணன்தான்.

பிரியமானவர்களே, ஒரு மனிதன் மனம் மாறவேண்டும் என்று கேட்டேன். ஆண்டவரோ, நான் ஒருநாளும் உள்ளே கூப்பிடாத மனிதனை என் வாசலுக்கு அனுப்பினார். இப்போது ஜெபிக்கும்போது எந்த வழியாக என்று அவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. நீங்களும் நம்பிக் கேளுங்கள். யார் மூலமாக வந்தாலும் கதவைத் திறந்துவிடுங்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எஸ்தர் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அந்தக் குரல் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. ஆண்டவருக்கே ஸ்தோத்திரம்.