நோன்பு மாதத்துப் புண்ணாக்கு

தேவ்நாரில் மதீனா பீவிக்கு ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. சின்ன செக்குகளில் சூடு காட்டாமல் பிழிந்து தள்ளுகிற சோயாப் புண்ணாக்கை வாங்கி, தண்ணீர் தெளித்து, அடுப்பின் மேல் சுழலும் இரும்பு உருளையில் வறுத்துக் கோழிப்பண்ணைகளுக்கு விற்கிறாள். பச்சையாகத் தின்றால் குஞ்சுக்குச் செரிக்காது. தின்றதெல்லாம் தண்ணீராகப் போகும். கருக வறுத்தாலோ சத்து செத்துவிடும். இரண்டுக்கும் நடுவிலிருக்கிற பதத்தைச் சோதிக்கும் கருவி மதீனா பீவியின் நாக்குதான். ஒரு துண்டைக் கடித்து, பச்சை வாடை போய்விட்டதா என்று பார்த்துத் துப்புவாள்.

அந்த நாக்கைப் பற்றி அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கணவர் மவுத்தான பிறகு தாராவியில் ஒரு பிரியாணிக் கடையில் தேக்சாப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், இந்த நாக்கை வைத்துத்தான் முதலாளியானாள். அதே நாக்கால் அக்கம்பக்கத்தையும் வறுத்தெடுப்பாள் என்பது வேறு விஷயம்.

நோன்பு வந்தால்தான் சிக்கல். தேவைக்கு நுனிநாக்கில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியும் அவளுக்கு மனம் ஒப்பாது. வறுத்ததை மூடி வைத்து, நோன்பு திறந்த பிறகே கடித்துப் பார்ப்பாள். இந்த வருடம் அதற்கும் பொறுமையில்லை. பன்வேல் பக்கம் புதிதாகப் பண்ணை போட்டுக் குஞ்சு இறக்கியிருந்த அண்ணன் மகன் தப்ரேஸ், டெம்போவோடு வாசலில் நின்று அவசரப்படுத்தினான்.

கொட்டகையில் வேலை செய்யும் நாகலக்ஷ்மி கேட்டாள். “அக்கா, எனக்கென்ன நோன்பா? நான் கடிச்சுப் பாக்கட்டா?”

“ஒன் நாக்குக்கு என்னட்டி தெரியும்? மூட்டையக் கட்டு. வாசத்துலயே தெரியுது.”

பசியில் எல்லாமே வாசமாகத்தான் இருந்திருக்கும். டெம்போ போய்விட்டது.

நோன்புப் பெருநாளன்று தப்ரேஸும் அவன் மனைவி ஃபர்ஸானாவும் மதீனா பீவியின் தாராவி வீட்டுக்கு வந்தார்கள். அந்த ஒற்றை அறையில் சொந்தக்காரர்கள் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தப்ரேஸ் சாப்பிட்டுக்கொண்டே அத்தையிடம் ஆரம்பித்தான்.

“குஞ்செல்லாம் கழியுது மாமி. எடையே ஏறல. எல்லாம் இவளாலதான். ஸஃபாயி, சுத்தம் ஒண்ணும் கிடையாது, தண்ணி டப்பா கழுவுறது கிடையாது. இவள உம்மா வீட்டுக்கு அனுப்பிட்டு நான் ஆள் வச்சுக்கிடப் போறேன்.”

ஃபர்ஸானா தலை நிமிரவில்லை. டப்பா கழுவிக் கழுவி அவள் விரல்கள் வெடித்திருந்தன. முந்தானையில் முடிந்திருந்ததை மெல்ல அவிழ்த்தாள். ஒரு பிடி புண்ணாக்கு.

“தண்ணி காய்ச்சித்தான் வைக்கேன், மாமி. நீங்க இத ஒரு வாட்டி கடிச்சுப் பாருங்க. நல்லாருக்குன்னு நீங்க சொல்லிட்டா, தப்பு என் மேலதான்.”

“மாமி சரக்கையே சந்தேகப்படுதியா?” என்று தப்ரேஸ் சிரித்தான்.

மதீனா பீவி கடித்தாள். பச்சை. பல்லிடுக்கெல்லாம் கசந்தது. அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். இங்கே துப்பினால் சரக்கு சரியில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள் என்று விழுங்கினாள்.

“நல்லாத்தான் இருக்கு.”

“கேட்டியா?” என்றான் தப்ரேஸ்.

“மன்னிச்சிருங்க மாமி. பெருநாளும் அதுவுமா சந்தேகப்பட்டுட்டேன்,” என்று சொல்லிவிட்டு, ஃபர்ஸானா காலித் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு கழுவப் போனாள்.

மதீனா பீவிக்கு உடம்பெல்லாம் கூசியது. சரக்கு கெட்டதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்; அந்த மன்னிப்பைத் தாங்க முடியவில்லை. தண்ணீர் விழும் சத்தம் கேட்கக் கேட்க அவமானம் ஏறிக்கொண்டே போனது. எழுந்து நின்றாள்.

“தப்ரேஸ், அவள ஒண்ணும் சொல்லாத. புண்ணாக்கு பச்சை. நோன்புன்னு கடிக்காமலே அனுப்பிட்டேன். நாகலக்ஷ்மி பாக்கேன்னு சொன்னா, அவளையும் விடல. குஞ்சு கழியுறது என்னாலதான்.”

தப்ரேஸ் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஈரக் கையோடு ஃபர்ஸானா வாசலில் வந்து நின்றாள்.

“என்னய மன்னிச்சிரும்மா,” என்றாள் மதீனா பீவி.

“நோன்புல கடிக்கல, சரி மாமி,” என்றாள் ஃபர்ஸானா. “இப்ப கடிச்சீங்களே?”