கெடிகேயும் எங்கள் கட்டிலும்

மாத்தளையிலிருந்து போகும் சுற்றுலா வேனில் நானும் என் கணவரும் இன்று நாலந்தா கெடிகே பார்க்கப் போனோம். முழுக்கக் கல்லாலேயே கட்டிய பழைய பௌத்த விகாரை.

வழிகாட்டியாக வந்த பெண் சொன்னார்: "முதல்ல இது கீழ, பள்ளத்துல இருந்துச்சு. நீர்த்தேக்கம் கட்டுறப்ப மூழ்கிடும்னு ஒவ்வொரு கல்லா கழட்டி, மேட்டுக்குக் கொண்டுவந்து திரும்பக் கட்டினாங்க."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

இரத்தோட்டையிலிருந்து வீடு மாறி வந்தபோது இவர் கழற்றிய எங்கள் கட்டில் இன்னமும் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. நாங்கள் தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறோம்.

"கேட்டீங்களா? ஒரு கோயிலையே கழட்டித் திரும்பப் பூட்டிட்டாங்க. உங்களால ஒரு கட்டிலப் பூட்ட முடியல," என்றேன்.

"அவங்க கல்லுக்கெல்லாம் நம்பர் போட்டிருப்பாங்க. அப்படித்தானே மிஸ்?" என்று வழிகாட்டியிடம் ஆதரவு தேடினார்.

"இருக்கலாம் ஐயா. ஆனா கட்டிலுக்கு நாலு கால்தானே?" என்றார் அவர்.

வேனில் வந்த எல்லாரும் சிரித்தார்கள். இவரும்தான்.

வீட்டுக்கு வந்ததும் தேநீர்கூடக் குடிக்காமல் ஸ்பேனரை எடுத்தார். நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். கட்டில் நிமிர்ந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கே பெருமையாக இருந்தது.

இப்போது ஒரே சங்கடம், தரையில் சில போல்ட்டுகள் மிச்சம் கிடக்கின்றன. யார் முதலில் ஏறிப் படுப்பது என்று பேச்சுவார்த்தை நடக்கிறது. உங்கள் ஓட்டு யாருக்கு?