கே என்றால் சாம்பல் சத்து

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த மறுவாரம் நடந்தது இது. ஒடுகத்தூரிலிருந்து மலைப் பக்கம் போகிற வழியில் எங்கள் ஊர். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அந்தத் திமிர் எனக்கு உண்டு, வீட்டிலும் அதே திமிரோடுதான் நடமாடுவேன்.

என் வீட்டுக்காரர் பதினோரு வருடம் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவர். குரோமிய உப்பில் ஊறிய நீலத் தோல்களைத் தூக்கித் தூக்கி இரண்டு கைகளும் வெடித்துப் புண்ணாகிவிட்டன. வேலையை விட்டால்தான் கை பிழைக்கும் என்று டாக்டர் சொன்னதும் நின்றுவிட்டார். ஒரு வருடம் வீட்டிலேயே இருந்தார். கை ஆறியது, மனுஷன் ஆறவில்லை. யாராவது வந்து, “இப்போ இன்னா பண்றே?” என்று கேட்டால் போதும், எழுந்து உள்ளே போய்விடுவார்.

பிறகு அவராகவே யோசித்து, எங்கள் வேர்க்கடலை நிலத்து ஓரத்தில் ஷெட் போட்டு முந்நூறு நாட்டுக்கோழிக் குஞ்சுகளை விட்டார். மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு என்று தீவனத்தையும் அவரே கலந்தார். நான் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், எந்தக் கோழி எதை விரட்டியது என்பதுவரை சொல்லிக்கொண்டே கூட நடந்து வருவார். “போதும் மாமா, காது வலிக்குது” என்று கிண்டல் செய்வேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு நிம்மதி. அவர் மறுபடியும் ஆளாகிவிட்டார் என்று நினைத்தேன்.

கோழிகளுக்கு மூன்று மாதம் ஆனபோது ரத்தக் கழிச்சல் வந்தது. வேலூரில் கோழித் தீவனக் கடைக்குப் போய் நான்தான் மருந்து வாங்கி வந்தேன். அதில் நோய் நின்றது. ஆனால் கோழிகள் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்திருந்ததால் மூக்கு வெட்ட வேண்டியிருந்தது. அலகு நுனியை, பழுக்கக் காய்ந்த பிளேடில் வைத்து வெட்டுவார்கள். கடைக்காரர் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

“இந்த மருந்து குடுத்த கோழிக்கு ரத்தம் சீக்கிரம் உறையாதும்மா. நீங்க கலக்கற தீவனத்துலயும் வைட்டமின் கம்மி. அதனால மூக்கு வெட்றதுக்கு மூணு நாள் முன்னாடியே வைட்டமின் கே பவுடரைத் தண்ணில கலந்து குடுத்துடுங்க. கம்பெனில செய்ற பவுடர், கோழிக்குன்னே வருது. இப்போ ஸ்டாக் இல்ல, புதன்கிழமை வந்துடும்.”

புதன்கிழமை எனக்கு டியூட்டி. டீ பிரேக்கில் பத்து நிமிஷம்தான் போன் கையில் கிடைக்கும். பக்கத்தில் நான்கு பேர் அவரவர் வீட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். நானும் கத்தினேன்.

“மாமா, ஞாயித்துக்கிழமை மூக்கு வெட்ட வர்றாங்க. நாளையிலேர்ந்து மூணு நாள் தண்ணில கே கலக்கணும். கே பவுடர். மறந்துடாதே!”

“கே தானே? தெரியும், தெரியும். நான் பாத்துக்கறேன்” என்றார்.

கடை, வைட்டமின் என்ற இரண்டு வார்த்தைகளையும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கும் என்று அவசரத்தில் ஒரு நினைப்பு. மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போய், “கலந்தியா?” என்றேன். “கலந்துட்டேன்” என்றார். ஒரு கிழிசலுக்காக முழு ஜோடியையே திருப்பி அனுப்புகிறவள், என்ன கலந்தாய் என்று கேட்கவில்லை. சனிக்கிழமை கோழிகள் நிறையத் தண்ணீர் குடித்தன, எச்சம் நீராகப் போனது. மருந்து வேலை செய்கிறது என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

ஞாயிறு காலை, பள்ளிகொண்டாவிலிருந்து மூக்கு வெட்டுகிறவர் மெஷினோடு வந்தார். என் ஓரகத்தியும் பக்கத்து நிலத்துக்காரர்களும் கோழி பிடித்துக் கொடுக்க வந்திருந்தார்கள்.

“வைட்டமின் கே குடுத்துட்டீங்கல்ல?” என்று அவர் கேட்டார்.

“மூணு நாளா குடுக்கறோம்” என்றேன், பெருமையாக.

முப்பது கோழி முடித்திருப்பார். அவர் சட்டென்று கையை நிறுத்தினார். வெட்டி விட்டவற்றில் ஒன்றுக்கும் ரத்தம் நிற்கவில்லை. சூட்டில் தீய்ந்த இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டே இருந்தது. ரத்தத்தைப் பார்த்த மற்ற கோழிகள் கொத்த ஓடி வந்தன. என் வீட்டுக்காரர் கீழே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மடியில் வைத்து, மஞ்சளை வைத்து அலகை அழுத்திப் பிடித்தார். விட்டதும் மறுபடி வடிந்தது.

“இன்னா குடுத்தீங்க? பாக்கெட்டைக் காட்டுங்க” என்றார் வந்தவர்.

என் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஷெட்டின் பின்னாலிருந்து ஒரு மூட்டையை இழுத்து வந்தார். கடலைக்குப் போட்டது போக மிச்சம் இருந்த பொட்டாஷ் உரம். மூட்டை மேல் இருந்த இங்கிலீஷ் எழுத்தைத் தொட்டுக் காட்டி, “இதோ, கே. சாம்பல் சத்து. நல்லாக் கரைச்சுதான் ஊத்தினேன்” என்றார்.

அவர் படித்தது ஐந்தாவது வரைக்கும். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது மூன்றே எழுத்து. உர மூட்டையில் ‘என்’ என்றால் தழைச்சத்து, பி என்றால் மணிச்சத்து, கே என்றால் சாம்பல் சத்து. விவசாய ஆபீசர் ஒருவர் சொல்லிக் கொடுத்ததை மனப்பாடமாக வைத்திருந்தார். எனக்கு அதெல்லாம் அந்த நிமிஷம் தோன்றவில்லை. அத்தனை பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

“அஞ்சாங்கிளாஸ் படிச்ச ஆளை நம்பி உசுருங்களை உட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்! எழுத்து தெரியலேன்னா தெரியலேன்னு சொல்றதுக்கு இன்னா? எதுக்கு உனக்கு இந்த வேலை?”

அவர் மறுபடி கீழே உட்கார்ந்து ஒரு கோழியைத் தூக்கி மடியில் வைத்தார். அதன் அலகை அழுத்திப் பிடித்தபடியே இருந்தார். அவர் விரல் இடுக்கில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. என் ஓரகத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெட்டிய கோழிகளில் நான்குதான் தப்பின. உரத் தண்ணீர் குடித்து வயிறு போன மற்றவையும் அந்த வாரம் முழுக்கச் செத்துக்கொண்டே இருந்தன. தினமும் அவரே குழி தோண்டினார். கூடப் போனால், “நீ வேலைக்குக் கெளம்பு” என்பார்.

திங்கட்கிழமை கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, “அவர் படிச்சது தப்பில்லம்மா. பொட்டாஷுக்கும் கே தான், அந்த வைட்டமினுக்கும் கே தான். நீங்கதான் முழுப் பேரைச் சொல்லியிருக்கணும்” என்றார். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். அந்த வைட்டமின் பவுடரைச் செய்கிற சில கம்பெனிகளில் மிஞ்சுகிற குரோமியம்தான் தோல் பதனிடப் போகிறதாம். என் வீட்டுக்காரர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது.

மிஞ்சிய கோழிகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார். மாசி பிறந்ததும் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பழைய தோல் ஷாப்பிலேயே போய்ச் சேர்ந்தார். கை மறுபடி வெடித்துவிட்டது. வேண்டாம் என்று எவ்வளவோ கெஞ்சினேன். “எனக்கு இதான் தெரியும்” என்றார். தப்பு என்னுடையது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், காலில்கூட விழுந்தேன். “அதை உடு, நான் அப்பவே மறந்துட்டேன்” என்கிறார். கோபமாகக்கூடச் சொல்வதில்லை.

போன மாதம் அவர் கைக்குக் களிம்பு வாங்கி வந்தோம். டப்பாவில் கொட்டை எழுத்தில், தமிழில்தான் எழுதியிருந்தது. அதை என்னிடம் நீட்டினார். “தமிழ்லதானே இருக்குது மாமா, நீயே படியேன்” என்றேன். “வாணாம்மா. நான் படிச்சா தப்பாய்டும்” என்றார்.

அவர் என்னை மன்னித்துவிட்டார், படிப்பதை விட்டுவிட்டார். ஒவ்வொரு முறை அவருக்காக எதையாவது வாசித்துக் காட்டும்போதும், இருந்த மூன்று எழுத்தையும் அவரிடமிருந்து பிடுங்கியவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டே வாசிக்கிறேன்.