அடுப்படியில் காய்ச்சிய சிவப்புத் தங்கம்

இந்த நாட்டில் வெள்ளிக்கிழமை மதியம் ஆய்வுக்கூடத்தை முறைவைத்துப் பெருக்குவார்கள். நெதர்லாந்துக்கு வந்த புதிதில், யான் என்ற பெயருள்ள எங்கள் துறைத்தலைவர் துடைப்பத்தோடு நிற்பதைப் பார்த்துப் பதறிப்போய் அதைப் பிடுங்கினேன். "உன் முறை அடுத்த வாரம்தானே?" என்று திரும்ப வாங்கிக்கொண்டார். அவருடைய முறையை நான் பறிப்பதாக நினைத்துவிட்டார். பெருக்குவதில் அவருக்கு எதுவும் குறைந்துபோகவில்லை. எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஏனென்றால் நான் வேறொரு பெருக்கலைப் பார்த்தவள். வடக்கே ஒரு கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் படித்தபோது, உயர்கல்வியில் இடஒதுக்கீடு கூடாது என்று மாணவர்கள் கிளம்பினார்கள். பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க, வெள்ளைக் கோட்டோடு தெருவைப் பெருக்கினார்கள். இடஒதுக்கீடு வந்தால் எங்கள் கதி இதுதான் என்று அர்த்தம். என்னோடு படித்த விவேக் என்னிடமும் ஒரு துடைப்பத்தை நீட்டினான். எங்கள் ஊர் வடக்கனந்தலில் என் அம்மா தினமும் நிலக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டகையைப் பெருக்குகிறாள், அவளைப் படமெடுக்க யாரும் வந்ததில்லை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். மறுநாள் போராட்டத்தால் ஆய்வுக்கூடத்துக்கே பூட்டு விழுந்தது.

ஆடுகளைக் கொத்துக்கொத்தாய்ச் சாகடிக்கும் ஆட்டுக்கொல்லி நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைப் பட்டைதான் என் ஆராய்ச்சி. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள்தான் அதில் சிவப்புக் கோடாகத் தெரியும். பட்டைகள் தயார், தங்கம் மட்டும் பாக்கி. எங்கள் ஊரை ஒட்டிய கல்வராயன்மலையில் ஆடுகள் கழிந்து சாகின்றன என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள். பேராசிரியரிடம் கேட்டு, பட்டைகளையும் தங்க உப்பையும் ஐஸ் பெட்டியில் மருந்துகளையும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

கள்ளக்குறிச்சியில் டிராக்டர் பட்டறைக்காரரிடம் பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரை வாங்கி, எங்கள் அடுப்பில் கொதிக்கவைத்து, தங்க உப்பைக் கரைத்து, அதைத் துகளாக்கும் சிட்ரேட் கரைசலை ஊற்றினேன். சிவக்க வேண்டியது ஊதாவாகித் திரிந்துபோனது.

"ம்மா, இந்தக் குடுவைய இன்னா பண்ண?"

"தூசியா இருந்துச்சு. புளி போட்டு வெளக்கி, கொழாத் தண்ணில அலசி வெச்சேன். ஏன்டி?"

தண்ணீரில் இருந்த உப்பு போதும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள. பாதித் தங்கம் போயிற்று. அம்மா முகம் வாடி நின்றாள். அவளையே கிளற வைத்து மீதியைக் காய்ச்சினேன். முதலில் கறுத்து, பிறகு மெல்ல மாதுளைச்சாறாகச் சிவந்தது.

"தங்கத்த காய்ச்சினா செவப்பாவா வரும்?" என்றாள். அன்று முழுக்க அந்தக் குடுவைப் பக்கம் யாரையும் விடவில்லை.

அதில் நோய்க்கிருமியைப் பிடிக்கும் புரதத்தை ஒட்டவைத்து மலைக்கு எடுத்துப்போனோம். கால்நடை டாக்டரும் கூட வந்தார். மழைப்புல் தின்ற கழிச்சல் என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டுக்காரர் கோவிந்தன் பட்டையைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா தங்கச்சி, கெடாவுக்குக் கர்ப்பம் பாக்கிறியா?"

மூக்கு நீரைத் தொட்டு நனைத்த பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. ஒரு கோடு என்றால் நோய் இல்லை. கோவிந்தன் சிரிப்பை நிறுத்தினார்.

டாக்டர் அந்தப் பட்டையை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "பிரிச்சுக் கட்டுங்க," என்றார். இரண்டு கோட்டு ஆடுகள் தனியே போயின. மற்றவற்றுக்குத் தடுப்பூசி போட்டார். பிரித்தவற்றில் சில செத்தன. கிடை பிழைத்தது.

நிறுவனத்துக்குத் திரும்பிப்போனபோது, விவேக் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "அடுப்படி ரிசல்ட்டும் கோட்டாவா?"

"சாகாத ஆடுகள் இருக்கின்றன. வந்து எண்ணிப் பார்," என்றேன். அவன் வரவில்லை. ஆய்வேட்டில் 'துகள்கள் தயாரித்த இடம்' என்பதற்கு நேரே வடக்கனந்தல் என்றே எழுதினேன். எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை.

கோவிந்தன் எனக்கென்று ஒரு பெட்டைக் குட்டியைத் தன் கிடையில் விட்டு, அடையாளத்துக்கு அதன் காதில் சின்ன வெட்டுப் போட்டுவைத்தார். "நீ எங்க போனாலும் இது இங்க மேஞ்சிக்கினு இருக்கும்" என்றார். அது இப்போது குட்டிகளும் பேரக்குட்டிகளுமாகப் பெருகிவிட்டது. அவை மேய்கிற மலையில் எனக்கு நிலம் இல்லை. இங்கே நெதர்லாந்தில் பண்ணை ஆடுகளின் காதில் எண் போட்ட மஞ்சள் வில்லை தொங்குகிறது. மூக்கு நீர் எடுக்கக் காதைப் பிடிக்கும்போதெல்லாம், என் விரல் அந்த வில்லையைத் தாண்டிப் போய் ஒரு வெட்டைத் தேடுகிறது.