இரண்டு கையெழுத்துக் கணக்கு

ஆண்டர்சன்பேட்டை வங்கியில் எங்கள் இருவர் பெயரிலும் கணக்குத் தொடங்கியபோது, பணம் எடுக்க இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வைத்தவள் நான்தான். என் கணவருக்கு யாரிடமும் இல்லையென்று சொல்ல வராது. சம்பள நாளில் ஷிப்டு முடிந்து கூட வருகிறவர்கள் கேட்பார்கள், இவர் கொடுப்பார். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு, "வூட்ல கையெழுத்து போட மாட்டாங்கப்பா" என்று சொல்லித் தப்பிக்க அவருக்கும் வசதியாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய சம்பளமும் அதே கணக்கில்தான் சேர்ந்தது.

ஸ்கெலட்டன் குடியிருப்பில் நாங்கள் இருந்த லைன் வீடு, அவர் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்துக்குச் சொந்தம். அவர் வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். அதனால் ஊருக்கு வெளியே ஒரு மனை பேசி முன்பணம் கொடுத்திருந்தோம். மாதக் கடைசிக்குள் மீதியைக் கொடுக்காவிட்டால் மனையும் இல்லை, முன்பணமும் இல்லை என்று பேச்சு.

அந்த மாதம் பாதி போயிருந்தபோது பூமிக்கடியில் பாறை சரிந்து அவருடைய வலது கை நசுங்கியது. உயிருக்கு ஆபத்தில்லை. மணிக்கட்டுக்கு மேல்வரை கட்டு.

என் கையெழுத்தை மட்டும் போட்ட சீட்டோடு வங்கிக்குப் போனேன். மேலாளர் மங்களூர்ப் பக்கத்துக்காரர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

"ரெண்டு கையெழுத்துன்னு நீங்களேதான் எழுதிக் கொடுத்தது, டீச்சரம்மா. இப்போ அவரு இடது கை பெருவிரல் ரேகை வெச்சாப் போதும். நானே ஆஸ்பத்திரிக்கு வர்றேன். டாக்டர் சாட்சி போடட்டும்."

நியாயமான ஏற்பாடு. ஒத்துக்கொள்ளாதவர் என் கணவர்.

"கைநாட்டா? நானா?"

அவருடைய அப்பா சுரங்கத்தில் இருந்த காலம் முழுக்கச் சம்பள ஜன்னலில் விரலில் மை பூசிக்கொண்டவர். இவர் எட்டாவது வரை படித்து, அதே ஜன்னலில் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுத்த பிறகே பேனாவை எடுப்பார். பின்னால் நிற்பவர்கள், "தொரை கையெழுத்து போடறாரு, அவசரப்படாதீங்கடா" என்பார்கள். அதைக் கேட்கவே இன்னும் கொஞ்சம் இழுப்பார்.

இடது கையால் எழுதிப் பழகினார். ஒன்றைப் போல் ஒன்று வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்தவர் எட்டிப் பார்த்து, "இன்னா மாமா, கோழி கெளறினா மாதிரி கீது" என்றார். வார்டே சிரித்தது. இவர் காகிதத்தைத் தலையணைக்கு அடியில் செருகினார்.

"மனை போச்சின்னா, ரிட்டயர் ஆனப்புறம் எங்கங்க போறது? ஊர்ல யாரு கீறாங்க நமக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு கையெழுத்து போதும்னு வெச்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது."

"அப்படி வெச்சிருந்தா மனைக்குப் பணமே இருந்திருக்காது."

இரண்டும் உண்மை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் நான் போனபோது, "மேனேஜரை வரச் சொல்லு" என்றார்.

மேலாளர் மைப்பெட்டியோடு வந்ததும், என் கணவர் வார்டு மூலையில் நின்ற துணித் தட்டியைக் கட்டிலருகே நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது:

"இன்னா மாமா, தட்டி வெச்சிக்கினு பிரசவமா?"

"ஆமாடா. வூடு பொறக்குது."

அதைச் சொல்லிவிட்டுத்தான் விரலை நீட்டினார். டாக்டர் சாட்சி போட்டார். மேலாளர் சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இனிமே யாராவது ஒருத்தர் கையெழுத்து போதும்னு மாத்திடலாமே" என்றார்.

கணவர் என்னைப் பார்த்தார். மனைக்குப் போக அந்தக் கணக்கில் மிஞ்சுவது, யாருக்காவது கொடுத்துவிடுவாரே என்று பயப்படும் அளவுக்கு இல்லை. சரி என்றேன்.

அதற்கு இன்னொரு தாளில் அவர் ரேகை வைக்க வேண்டியிருந்தது. அதற்குள் நர்சு வேறொரு நோயாளிக்காகத் தட்டியை எடுத்துப் போய்விட்டாள். அவர் ஒரு கணம் அது இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு விரலை மையில் வைத்தார்.