ராஜசேகரின் கிதாருக்குப் பிக்கப் வைத்த மதியம்

கண்ணுகளா, விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தாலும் பயனில்லை. இது நடந்தது பட்டப்பகலில், ஓசூரில், என் வீட்டுக் கூடத்தில். கதை கட்டவில்லை. பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுச் சாந்தம்மாவுக்கு ராஜசேகர் ஒரே மகன். ஒரு பட்டறையில் காண்ட்ராக்ட் வேலை. ஒரு ஞாயிறு வேலைக்குப் போனவன் திரும்பவேயில்லை. "எவளையோ இழுத்துக்கிட்டு ஓடிட்டான்" என்றான் காண்ட்ராக்டர். போலீசும் அதையே நம்பியது. சாந்தம்மா மட்டும் தினமும் அவனுக்கும் சேர்த்துக் களி கிண்டினாள்.

சில மாதம் கழித்து அவனுடைய கிதாரை என் மகள் மோகனப்ரியாவிடம் கொடுத்தாள். "வாசிச்சிட்டிரு. வந்தா அவனே கேட்டு வாங்கிக்குவான்."

ப்ரியா கல்யாணக் கச்சேரிகளில் வாசிப்பவள்.

"மண்டபத்துல பாயசம் ஊத்தறவருக்குக்கூட கேக்கலம்மா. பிக்கப் வெச்சாத்தான் ஆகும்."

"பிக்கப்பா? கம்பெனி பஸ்ஸாடி?"

சிரித்தாள். காசு அளவில் ஒரு வில்லை. கிதாரின் வயிற்றுக்குள் கையைவிட்டு ஒட்டினாள். ஒயரை ஸ்பீக்கரில் செருகினாள்.

"இது மைக் மாதிரி இல்லம்மா. பேசினா கேக்காது. மரம் அதிர்ந்தாத்தான் கேக்கும்."

ஸ்விட்சைப் போட்டாள். ம்ம்ம்ம்... என்று இரைச்சல்.

பிறகு... டொக். டொக். டொக்.

ப்ரியாவின் கைகள் இரண்டும் மடியில் இருந்தன. கிதார் பாயில் கிடந்தது.

"எலி எதும் உள்ள போயிருச்சாடி?"

தூக்கிக் குலுக்கினேன். காலி.

டொக். டொக்.

அப்புறம் ஒரு குரல். தொண்டை வறண்ட குரல்.

"இல்ல்... இல்ல்..."

"எஃப்.எம். இழுக்குதும்மா." சொன்ன ப்ரியாவே நம்பவில்லை. ஒயரைப் பிடுங்கி எறிந்தாள்.

குரல் நிற்கவில்லை.

நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரி. என் காதில் விழுந்தது 'இல்ல'தான். தன் பொருளைத் தொடாதே என்கிறானோ? கைகூப்பினேன். "மன்னிச்சுக்க ராசா. எடுத்துர்றோம்."

வாசலில் சாந்தம்மா நின்றாள். எப்போது வந்தாள் தெரியாது. களித் துடுப்பு கையிலேயே இருந்தது.

"அக்கா... அவன் இல்லன்னு சொல்லல. 'இல்லி'ங்கறான்."

"என்னடி அது?"

"எங்க கன்னடத்துல... 'இங்க'ன்னு அர்த்தம்."

கிதாரின் முன்னால் உட்கார்ந்தாள். "எல்லிதீயப்பா?" எங்கேடா இருக்கிறாய் என்று கேட்டாள்.

டொக். டொக். டொக்.

"இல்லி..."

பின்னாலேயே ஒரு சங்கு. அவன் பட்டறையின் சங்கு. எங்கள் தெருவுக்கே தெரிந்த ஊதல். வெளியே எதுவும் ஊதவில்லை. அன்று பட்டறைக்கு விடுமுறை.

ஸ்பீக்கருக்குள் ஊதியது...

நின்றது.

சாந்தம்மா செருப்பில்லாமல் ஓடினாள்.

பட்டறை வாசலில் காவலுக்கு இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஓடிப்போன மகனை இங்க வந்து தேடறியாம்மா?" அவள் கேட்டை மறித்து உட்கார்ந்துவிட்டாள். நாங்களும் உட்கார்ந்தோம். விடிந்ததும் எங்கள் தெருவே வந்து உட்கார்ந்தது. லாரிகள் உள்ளே போக முடியாமல் போன பிறகுதான் போலீசுக்குக் காது கேட்டது. பின்பக்கம் குவிந்திருந்த இரும்பை நகர்த்தினார்கள். அடியில் ஒரு சம்ப்பு, தரைக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டி. கழுவ இறக்கிவிட்டவனை மறந்து, மூடிபோட்டு, மேலே இரும்பை அடுக்கியிருக்கிறார்கள்.

துணி மூடி வெளியே எடுத்தார்கள். சாந்தம்மா அழவில்லை. காண்ட்ராக்டரைப் பார்த்து, "எவ கூட ஓடினான்? காட்டு" என்றாள்.

பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவன் உடனே சாகவில்லையாம். இரண்டு கைகளிலும் விரல் முட்டி எலும்புகள் நொறுங்கியிருந்தனவாம்.

விசாரணையன்று பட்டறைக் காவலாளி கோவிந்தப்பன் இன்ஸ்பெக்டர் முன்னால் தலைகுனிந்து நின்றான்.

"அந்த ஞாயித்துக்கெழமையிலிருந்து டொக்கு டொக்குனு கேட்டுதுங்க சார். மெசின் சத்தம்னு நெனச்சிட்டோம்."

"நெனச்சிட்டோமா? வேற யாருக்குக் கேட்டது?"

"எல்லா ஷிப்டுக்கும் கேட்டுதுங்க."

"எப்போ நின்னது?"

"வியாழக்கிழமைங்க."