மூன்றாம் ஓலை

எங்கள் அப்பா கோயிலில் எழுந்து நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. யுத்தம் முடிந்தும் சர்க்கரைக்கு ரேஷன் முடியாத காலம். மயிலாப்பூரில் குடியிருந்துகொண்டு தேவாலயத்தைக் ‘கோயில்’ என்றும் பாதிரியாரை ‘ஐயர்’ என்றும் சொல்லுகிற திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது.

அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். பெண்கள் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தாள். இருபத்தெட்டு வயதாகியும் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைச் சொந்தக்காரர்கள் ஒரு வியாதி மாதிரி விசாரிப்பார்கள். சாயங்காலம் ஆனால் அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டைதான். அப்பா சபையில் மூப்பர். ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டது என்றால் ஆறே நாள்தான், அதற்கு மேல் பேச்சில்லை.

“சூரியனையே நாலாம் நாள்தானே அண்ணே உண்டாக்குனார்? அதுக்கு முந்துன நாளையெல்லாம் எதை வச்சு எண்ணுனாங்க?” என்பாள் அத்தை.

“ஆண்டவருக்கே கணக்குச் சொல்லித்தர வந்துட்டா! உன் பாட்டன் வேணும்னா மரத்துல தொங்கியிருக்கட்டும். என் பாட்டன் தொங்கல.”

“ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டன்தானே அண்ணே!”

அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

ஒருவழியாக அத்தைக்கு அடையாற்றில் ஒரு டாக்டர் மாப்பிள்ளை அமைந்தார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பது எங்கள் வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் இருந்தால் சொல்லலாம் என்று ஐயர் வாசிப்பார். யாரும் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. எனக்கு லேஸ் வைத்த வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. மணப்பெண்ணுக்கு முன்னால் பூத்தூவிக்கொண்டு போகப்போகிறவள் நானல்லவா!

முதல் ஓலை வாசித்த அன்று மாலை மாப்பிள்ளையின் அப்பா வீட்டுக்கு வந்தார். வகுப்புக்காக அத்தை வீட்டில் வைத்திருந்த குரங்கு மண்டை ஓடு மேஜைமேல் இருந்தது. எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் கையில் பிஸ்கட்டோடு அதையே பார்த்தார்.

“மனுஷன் இதுல இருந்து வந்தான்னு நீ நம்புறியாம்மா?”

“இதுல இருந்து இல்ல மாமா. இதுக்கும் நமக்கும் மூதாதை ஒண்ணு. ஆண்டவர் நம்மை அப்படித்தான் படைச்சார்னு நம்புறேன்.”

பாதி பிஸ்கட்டை அவர் தட்டிலேயே வைத்துவிட்டார். காப்பியும் குடிக்கவில்லை. பிறகு ஆள்மூலம் சொல்லியனுப்பினார்: கல்யாணத்தன்று பீடத்தின் முன் நின்று, ‘அது பொய்ப் போதனை, நான் அதை நம்பவில்லை’ என்று சபையறிய அத்தை சொல்லவேண்டும். சொன்னால்தான் கல்யாணம்.

அத்தை சரி என்றுவிட்டாள்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் சாயங்காலச் சண்டையே நின்றுபோயிற்று.

“நெசமாவே சொல்லப் போறியா?” என்று அப்பா ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார்.

“சொல்லிட்டுப் போறேன் அண்ணே. வெறும் வார்த்தைதானே.”

அப்பா இலையில் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். ஜெயித்தவர் எதற்காகச் சாப்பிடாமல் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றாம் ஓலையும் வந்தது. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டாரும் எங்கள் கோயிலுக்கு வந்திருந்தார்கள். ஐயர் வாசித்து முடித்து, அடுத்த காகிதத்தைக்கூட எடுத்துவிட்டார். எனக்குப் பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. அப்பா எழுந்து நின்றார்.

“தடை இருக்கு ஐயரே.”

கடவுளே! கோயிலே திரும்பிப் பார்த்தது. யாரோ பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டார்கள். ஐயர் எடுத்த காகிதத்தைத் திரும்ப வைத்துவிட்டு, என்ன தடை என்று கேட்டார்.

“என் தங்கச்சி சொல்றது தப்பு” என்றார் அப்பா. “ஆனா அவ அதை மனசார நம்புறா. நம்பலைன்னு இந்தப் பீடத்துக்கு முன்னால பொய் சொல்ல நான் அவளைக் கூட்டிட்டு வரமாட்டேன்.”

மாப்பிள்ளையின் அப்பா என்னென்னவோ கத்தினார். மாப்பிள்ளை தன் பூட்ஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அப்பா வெளியே நடந்தார். பின்னாலேயே அத்தை நடந்தாள். என் கவுனை நினைத்து நான் ஓவென்று அழுதுகொண்டே ஓடினேன்.

வாசலில் ரிக்‌ஷாக்காரர் அவசரமாகப் பீடியை அணைத்தார். “இன்னா சார், அதுக்குள்ள முட்ஞ்சிபோச்சா?”

“முடிஞ்சிபோச்சுப்பா” என்றார் அப்பா.

அன்று பகல் முழுவதும் அத்தை குப்புறப் படுத்து அழுதாள். அப்பாவின் மூப்பர் பதவி போகும் என்று பக்கத்து வீட்டு அம்மாள் வந்து சொல்லிவிட்டுப் போனாள், அப்படியே போயிற்று. அப்பாவோடு சாகும்வரை பேசுவதில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

விளக்கேற்றும் நேரத்தில் முன்னறையில் அத்தையின் குரல் கேட்டது. அழுது கட்டிப்போன குரல்.

“இருந்தாலும் அண்ணே, சூரியன் இல்லாம நாளை எப்படி எண்ணுனாங்க?”

“ஆரம்பிச்சுட்டியா! முதல்ல அந்தக் குரங்கை என் பைபிள் பக்கத்துல இருந்து எடு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்படிக்கு ஓடினேன்.

“அப்பாவுக்கு அத்தையைக் கண்டாலே ஆகாதாம்மா?”

“யாரு சொன்னா? அவ மேல உசிரையே வச்சிருக்காரு.” அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப ஏன் கல்யாணத்தை நிறுத்துனாரு?”

“அதுக்குத்தான்டி, பைத்தியக்காரி.”

கல்யாணம் நின்றுபோன வீட்டில் இரண்டு பேர் சிரிக்கிறார்கள், ஒருத்தி அழுகிறாள், பைத்தியம் நானாம்! அந்த வீட்டில் புத்தி தெளிவாக இருந்தது நான் ஒருத்திதான் என்று அன்றைக்கு மனசார நம்பினேன்.